தாழ்ச்சியின் சிகரத்தில் அடியேன்

உலக வரலாற்றில் தாழ்ச்சிக்காக எத்தனையோ பேர் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். காட்டுக்குப் போனவர்கள் உண்டு. குகைக்குள் உட்கார்ந்தவர்கள் உண்டு. கந்தல் உடுத்தி, சாம்பல் பூசி, யாருக்கும் தெரியாமல் செத்துப்போனவர்களும் உண்டு. ஆனால் தாழ்ச்சியை நான்கு வண்ணத்தில், பளபள அட்டையில், தன் முழு முகத்தோடு அச்சடித்து, பேண்டு வாத்தியம் முழங்க வெளியிட்ட பெருமை திண்டுக்கல் நகருக்கே உரியது. நகரிலும் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குக்கே உரியது. பங்கிலும், ஒளிக்காமல் சொன்னால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உயர்திரு ஞானதாஸ் ஐயா ஒருவருக்கே உரியது.

அந்தப் பக்தி நூலின் வெளியீட்டுக் குழுவுக்கு நான் செயலாளர். பெயர் ஸ்தனிஸ்லாஸ். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். துணி விற்கிறவனை ஏன் செயலாளராகப் போட்டார்கள் என்றால், என் கையெழுத்து அழகாக இருக்கும். நான் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டேன். எங்கள் பங்கில் இந்த இரண்டு தகுதியும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம்.

நூல் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பங்கில் நான்சி என்று ஒரு பெண். செம்பட்டிப் பக்கத்துக் கிராமம். இங்கே விடுதியில் தங்கி ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறது. இந்தப் பெண்ணிடம் ஒரு வேண்டாத பழக்கம். யாராவது "எனக்காகச் செத்த வேண்டிக்கம்மா" என்றால், நீங்களும் நானும் என்ன செய்வோம்? "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துபோவோம். இது அப்படிச் செய்யாது. அந்த ஆளுக்கென்றே ஒரு ஜெபம் எழுதி, அடுத்த வாரம் கையில் கொடுத்துவிடும்.

பஸ் வராதபோது சொல்ல ஒன்று. மகன் போனை எடுக்காதபோது சொல்ல ஒன்று. மாமியாரிடம் வாய் கொடுக்காமல் இருக்க ஒன்று. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போகாமலிருக்க ஒன்று. இவற்றை ஜெராக்ஸ் எடுத்து, தையல் மிஷினில் ஒட்டியவர்கள் உண்டு, ஆட்டோ கண்ணாடியில் ஒட்டியவர்கள் உண்டு. என் கல்லாப்பெட்டிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. எல்லாத் துணியையும் கலைத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் மேல் கோபம் வராமலிருக்கச் சொல்வது. பாதி பலன் கிடைத்திருக்கிறது.

முதல் ஜெபம் நான்சி தன் அம்மாவுக்காக எழுதியது. அம்மா பெயர் ரூபி. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிக்கப் போகிறவர். அந்த ஜெபம் இதுதான்:

"ஆண்டவரே, நான் பறிக்கிற பூ கல்யாணத்துக்குப் போகுமோ, சாவுக்குப் போகுமோ, எனக்குத் தெரியாது. எங்க போனாலும் வாடாமப் போகட்டும். நான் வாடினா மட்டும் உமக்குத் தெரியட்டும்."

இப்படி ஆசிரியர் பெயர் இல்லாமல், முன்னுரை இல்லாமல், அணிந்துரை இல்லாமல் ஜெபங்கள் அநாதையாகத் திரிவதைக் கண்டு ஞானதாஸ் ஐயாவின் உள்ளம் பதறியது. நான்சியைக் கூப்பிட்டு விட்டார்.

"எல்லாத்தையும் எங்கிட்ட குடு தாயி. நூலாக்கிருவோம்."

"நெசமாவா சார்?" அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல். "எங்கம்மா கேட்டா சந்தோசத்துல ஊரையே கூட்டிரும் சார்."

அன்றைக்கே ரூபியம்மாவுக்குப் போன் போயிற்று. ரூபியம்மா அன்றைக்கே ஊரைக் கூட்டிவிட்டார். "எம் மக புத்தகம் போடுது" என்று மல்லிகைத் தோட்டத்தில் வரப்புக்கு வரப்பு செய்தி போய்விட்டது. ரூபியம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். மகளின் பெயரை அச்சில் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்பது ஒன்றே அவருக்கு ஆசை. 'நான்சி' என்பது கூட்டுவதற்கும் சுலபமான பெயர்தான்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எழுதுவது வேறு, 'நூலாக்குவது' வேறு. எழுதுவதற்குப் பேனா இருந்தால் போதும். நூலாக்குவதற்குத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றிருக்க வேண்டும். ஐயா நூலாக்கினார். 'பூப்பறிக்கப் போகும்போது' என்றிருந்த தலைப்பை 'மலர் கொய்தற்கண் மன்றாட்டு' என்று மாற்றினார். 'பஸ் வராதபோது' என்பது 'பேருந்துத் தாமதத்தில் பேரின்பம்' ஆயிற்று. பிறகு 'நூலாசிரியரின் ஆன்மிகப் பயணம்' என்று தன் வரலாற்றை முன்னால் சேர்த்தார். அந்தப் பயணம் நீண்ட தூரம் போயிற்று. ஜெபங்கள் தொடங்குவதற்குள் பாதிப் புத்தகம் முடிந்திருந்தது.

ஜெபநூல் என்றால் சும்மா அச்சடித்துவிட முடியாது. கோட்பாட்டில் பிழையில்லை, அச்சிடத் தடையில்லை என்று மறைமாவட்ட மேலிடத்தில் ஒரு பெரியவர் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆன்மிகப் பயணம் அப்போது முடிந்திருக்கவில்லை என்பதால் ஜெபங்களை மட்டும் அனுப்பினோம். அந்தப் பெரியவர் 'தடையில்லை' என்று கையெழுத்துப் போட்டதோடு, ஓரத்தில் தன் கையால், 'எளிமையாகவும் உருக்கமாகவும் உள்ளது. எழுதியவருக்கு என் ஆசீர்' என்று எழுதியும் அனுப்பினார். அந்த ஆசீரை ஞானதாஸ் ஐயா கண்கலங்கப் பெற்றுக்கொண்டார்.

இதன்பின் குழுவின் வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவர் பங்குத்தந்தை ரொனால்டு அடிகள். சாமியார் வயதில் சின்னவர், நல்லவர். சிறுவயதில் ஞானதாஸ் ஐயாவிடமே படித்தவர். இன்றைக்கும் ஐயா குரலை உயர்த்தினால் சாமியாரின் கை தானாகக் கட்டிக்கொள்ளும். நான்சி கதவோரம் நின்றது.

"சார்... அட்டையில எல்லாம் வேண்டாம். உள்ள எங்கயாச்சும் எம் பேர் ஒரு வரி வருமா?"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "தாயி, புத்தகம் எதைப் பத்தி?"

"ஜெபம் சார்."

"தாழ்ச்சியைப் பத்தி! தாழ்ச்சிப் புத்தகத்துல பேர் கேக்குறது முறையா? மறைக்கல்வி குடுக்குற புள்ளை நீ!"

"அம்மா பாக்கணும்னு ஆசைப்படுதுங்க சார். அதுக்குத்தேன்."

"அம்மாவுக்கும் தாழ்ச்சி வேணுமில்ல?"

கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை, என் தகுதியை நான் முன்பே சொல்லிவிட்டேன். கடைசியில் ரொனால்டு சாமியார்தான் கட்டிய கையை லேசாக அவிழ்த்து, "ஐயா, நன்றியுரையில ஒரு வரி போடலாமே" என்றார். நீண்ட விவாதத்துக்குப் பின் கீழ்க்கண்ட வரி ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது: 'ஆங்காங்கே எழுத்துவேலையில் ஒத்தாசை புரிந்த செல்வி நான்சிக்கும் நன்றி.' இடம்: கடைசிப் பக்கம், கடைசி வரி. மேளக்காரர்களுக்கும் பந்தல்காரருக்கும் நன்றி சொன்ன பிறகு.

நான்சிக்கு அதுவே போதும் போலிருந்தது. "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. எனக்கு வயிறெரிந்தது. செயலாளருக்கு வயிறெரிய விதியில் இடமில்லாததால் அதைத் தீர்மானத்தில் எழுதவில்லை.

அப்போது நூலின் தலைப்பு 'தாழ்ச்சியின் சிகரத்தில் நான்' என்பது. ரொனால்டு சாமியார் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, தலைப்புல... இந்த 'நான்'... கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கோ?"

ஐயா யோசித்தார். மேதைகள் யோசிக்கும்போது பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்க வேண்டும். நான் இருந்தேன். அவர் முகம் சட்டென்று பிரகாசித்தது.

"சரியாச் சொன்னீங்க சாமி! 'நான்'தான் எல்லாப் பாவத்துக்கும் வேர். தலைப்புல மட்டும் இல்ல. இந்தப் புள்ளை எழுதுனதைப் பாருங்க. நான் நிக்கிறேன், நான் பறிக்கிறேன், நான் வாடுறேன்! பக்கத்துக்குப் பக்கம் நான்! நூல் முழுக்க 'நான்'ங்கிறதை ஒழிச்சிட்டு 'அடியேன்'னு போட்டுருவோம். ஒண்ணு விடக் கூடாது!"

மனித குலத்தின் அகந்தையை ஒரே மாலையில் ஒழிக்கும் இந்தத் திட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு முகமது ரஃபீக்கிடம் போயிற்று. பக்க வடிவமைப்பு செய்கிறவர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் எல்லாம் அவர் கைவண்ணம்தான். அவர் கடைக்கு நானும் ஐயாவும் போனோம்.

"ரஃபீக் தம்பி, 'நான்' இருக்குற எடத்துல எல்லாம் 'அடியேன்' வரணும். எத்தனை நாள் ஆகும்?"

"நாளா?" ரஃபீக் சிரித்தார். "ஒரே அமுக்கு சார். டீ ஆர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

"மகான்கள் ஆயுசு முழுக்கக் கஷ்டப்பட்டாங்க தம்பி."

"அப்பக் கம்ப்யூட்டர் இல்லைல சார்" என்றார் ரஃபீக். அமுக்கினார். 'நான்' ஒழிந்தது. டீ இன்னும் சூடாகவே இருந்தது.

ஒழிந்தது 'நான்' மட்டும்தான் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 'என்னுடைய நீண்ட கல்விப் பணியில் என்னால் உருவாக்கப்பட்ட என் மாணவர்கள் என்மேல் கொண்ட மதிப்பு' என்று ஆன்மிகப் பயணத்தில் இருந்தது அப்படியே இருந்தது. 'என்' ஒழிய வேண்டும் என்று தீர்மானத்தில் இல்லை.

அட்டைக்குப் படம் எடுக்கப் போனோம். "தாழ்ச்சி முகத்துல தெரியணும்" என்று ஐயா ஸ்டூடியோக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்க சார்."

தாழ்த்தினார்.

"வழுக்கைதான் சார் தெரியுது."

நிமிர்த்தினார்.

"இப்ப ஹெட்மாஸ்டர் தெரியிறாரு சார். எனக்கே பயமா இருக்கு. மேல பாருங்க."

ஐயா மேலே பார்த்தார். மேலே ஸ்டூடியோவின் பழைய ஃபேன் கடகடவென்று ஆடிக்கொண்டு, எந்த நேரத்திலும் தலையில் விழுகிற மாதிரி இருந்தது. அந்தக் கணத்தில் எடுத்த படம்தான் அட்டையில் இருக்கிறது. கண்களில் அப்படியொரு பரவசம். மரணத்தை நேருக்கு நேர் கண்ட துறவிகளின் முகத்தில்தான் அதைப் பார்க்க முடியும்.

படத்தைப் பார்த்ததும் ஐயாவுக்கு இன்னும் தாழ்ச்சி பெருகியது. "அட்டையில எம் பேரே வேண்டாம் ஸ்தனிஸ்! 'எழுதியது: அடியேன்'. அம்புட்டுத்தான்!"

"யாருன்னு எப்படித் தெரியுங்கய்யா?"

"அதான் மூஞ்சி இருக்குல்ல."

நான்சி ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணே, அச்சுக்குப் போகுமுன்ன நான் ஒருதடவை பாத்துக்கிறட்டா?" என்று கேட்டது. ஐயாவிடம் கேட்டேன். "பிழை பாக்குறது நூலாசிரியர் உரிமை" என்றார். அவரே பார்த்தார். அட்டையைப் பார்த்தார், ஆன்மிகப் பயணத்தில் வரும் படங்களைப் பார்த்தார், வாழ்த்துரைகளில் தனக்குரிய அடைமொழிகள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. நூல் அச்சேறியது.

வெளியீட்டு விழா ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில். ரூபியம்மா தோட்டத்துப் பெண்களோடு ஒரு வேன் பிடித்து வந்து இறங்கினார். எல்லார் தலையிலும் கனகாம்பரம். "மல்லியத்தான் தினம் பாக்குறமே" என்றார் ஒருவர். நான்சி புதுச் சேலையில் அம்மாவைக் கூட்டிவந்து மூன்றாவது வரிசையில் உட்காரவைத்தது. முதலிரண்டு வரிசையும் வாழ்த்துரை எழுதியவர்களுக்குப் போதவில்லை.

மேடையில் ஞானதாஸ் ஐயாவுக்குக் குண்டு மல்லி மாலை விழுந்தது. பொன்னாடை விழுந்தது. அதன்மேல் இன்னொரு பொன்னாடை. சிகரத்தில் குளிருமோ என்னவோ, மேலும் மேலும் போர்த்திக்கொண்டே இருந்தார்கள். பிறகு ரொனால்டு சாமியார் நூலைத் திறந்து, ஒரு ஜெபத்தை மைக்கில் வாசித்தார்.

"'அடியேன்காம் ஜெபம்...'" சாமியார் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அது நான்காம் ஜெபம். "'பேருந்துத் தாமதத்தில் பேரின்பம். ஆண்டவரே, பஸ் இன்னும் வரலை. அடியேன் நிக்கிற எடத்துல நீரும் வந்து நில்லும். அதற்கு ஆண்டவர் சொல்கிறார்: மகளே, பயப்படாதே, அடியேன்...'"

சாமியார் ஐயா பக்கம் குனிந்தார். மைக் திறந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா, இதுல ஆண்டவரே 'அடியேன்'ங்கிறாரு..."

ஐயா அசரவில்லை. "தாழ்ச்சியை நாம அவர்ட்ட இருந்துதானே சாமி கத்துக்கணும்?"

கைதட்டல். முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. ஒரே நாளில் மனிதன் கடவுளுக்குத் தாழ்ச்சி கற்றுக்கொடுத்த காட்சியை வேறெந்த மறைமாவட்டமாவது கண்டிருக்குமா என்பது ஆய்வுக்குரியது.

இதற்குள் மூன்றாவது வரிசையில் ரூபியம்மா கையில் ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது. அட்டையிலிருந்து ஆரம்பித்தார். விரலை வைத்து வரிவரியாக நகர்த்தினார். வாழ்த்துரையைத் தாண்டி, அணிந்துரையைத் தாண்டி, ஆன்மிகப் பயணத்தையும் தாண்டி விரல் ஊர்ந்துகொண்டே இருந்தது. "என்னம்மா, எங்கன இருக்கு?" என்று பக்கத்திலிருந்த பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான்சி, "கடைசிப் பக்கம்மா, கடைசி வரி" என்று மெதுவாகச் சொன்னது. சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கே வெட்கமாக இருந்தது.

ரூபியம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மேளக்காரரைத் தாண்டினார். பந்தல்காரரைத் தாண்டினார். சத்தமாக எழுத்துக்கூட்டினார்.

"செ...ல்...வி. அ... டி... யே... ன்... சி."

மறுபடி படித்தார். பிறகு புத்தகத்தோடு எழுந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இது ஆருங்க, அடியேன்சி?"

நான்சி ஓடிவந்து கையைப் பிடித்தது. "விடும்மா. வா, போகலாம்."

"நீ சும்மா இரு. ஐயா, எம் மக பேரு நான்சி. நாந்தேன் வச்சேன். ஞானஸ்நானப் புத்தகத்துலயும் நான்சிதேன் இருக்கு."

ஐயா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அது வந்து தாயி, அச்சுப்பிழை. ரஃபீக் தம்பி பண்ணுன தப்பு."

ஓரமாக நின்ற ரஃபீக்குக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒண்ணு விடக் கூடாதுன்னீங்க. ஒண்ணு விடலை."

"என்னத்த விடலை?" என்றார் ரூபியம்மா.

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தாழ்ச்சிக்காகப் புத்தகத்துல 'நான்'ங்கிறதை எல்லாம் எடுத்துட்டோம் தாயி. அதுல தவறி இதுவும் போயிருச்சு."

ரூபியம்மா புத்தகத்தை மூடினார். அட்டையை ஒரு பார்வை பார்த்தார். ஃபேனுக்குப் பயந்த அந்த முகத்தைப் பார்த்தார். மாலைக்குள் இருந்த முகத்தையும் பார்த்தார்.

"இம்புட்டு 'நான்' எடுத்திருக்கீக. இந்த மூஞ்சிய எடுக்கலையா?"

பேண்டு வாத்தியக்காரர்கள் அதை விழா முடிந்ததற்கான சைகை என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நல்லவேளை. ரூபியம்மா மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். போகிறபோது அந்தப் பெண் அழுதது. அம்மாவுக்காகத்தான் அழுதது. அதைப் பார்த்த எனக்கு, பந்தலைப் பிரித்துப் போட்டுவிடலாம் என்று வந்தது. பிரிக்கவில்லை. கையெழுத்து அழகாக உள்ளவர்கள் பந்தலைப் பிரிப்பதில்லை.

மறுநாளே அவசரக் கூட்டம். எல்லாப் பிரதிகளிலும் முதல் பக்கத்தில் 'பிழை' என்ற தலைப்பில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானம். ஐயா பெருந்தன்மையோடு வாசகத்தைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்: 'இந்நூலில் அடியேன்சி என வருவதை நான்சி எனத் திருத்தி வாசிக்கவும்.' எழுதியதை நானே ரஃபீக் கடைக்குக் கொண்டுபோனேன். நானே நின்று அச்சடித்து வாங்கினேன். நானே பசை வாங்கி, கடையில் வியாபாரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஐயா சரிபார்க்க வரவில்லை. அவருடைய படம் எதுவும் அதில் இல்லை. நூல் பங்கு முழுவதும் போயிற்று. பக்கத்துப் பங்குகளுக்கும் போயிற்று. செம்பட்டிப் பக்கம் ஒரு கட்டு நானே பஸ்ஸில் போட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு. கோயில் வாசலில் ரூபியம்மாவும் தோட்டத்துப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ரூபியம்மா கையில் புத்தகம். முதல் பக்கத்துச் சீட்டை ஒருதடவை கூட்டிப் படித்தார். பிறகு அது சொன்னபடியே, விரல் வைத்து, வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, நான்சி பறிக்கிற பூ கல்யாணத்துக்குப் போகுமோ, சாவுக்குப் போகுமோ, எனக்குத் தெரியாது. எங்க போனாலும் வாடாமப் போகட்டும். நான்சி வாடினா மட்டும் உமக்குத் தெரியட்டும்."

பெண்கள் "ஆமென்" என்றார்கள். மகள் அம்மாவுக்காக எழுதிய ஜெபம், அம்மா மகளுக்காகச் சொல்கிற ஜெபமாகிவிட்டது. நான்சி தூணோரம் நின்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தது. 'மகளே, பயப்படாதே, நான்சி இருக்கிறேன்' என்ற இடத்தில் மட்டும் கோட்பாட்டுச் சிக்கல் கொஞ்சம் இருக்கிறது. அதை மேலிடம் பார்த்துக்கொள்ளும்.

ஞானதாஸ் ஐயா அன்று மத்தியானம் என் கடைக்குள் நுழைந்தபோது சட்டை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வாங்காமலே போய்விட்டார்கள். கையில் சீட்டு. அதில் இப்படி இருந்தது: 'இந்நூலில் அடியேன் என வருவதை நான்சி எனத் திருத்தி வாசிக்கவும்.'

"ஸ்தனிஸ்! ஒரு எழுத்து விட்டுப்போச்சு!"

"எந்த எழுத்துங்கய்யா?"

"'சி'!"

"என்னைய ஏன்யா திட்டுறீங்க?"

"எழுத்தைச் சொன்னேன்யா! 'அடியேன்'னா நான்சின்னு வாசிக்கச் சொல்லியிருக்கு! அட்டையில என்ன வருதுன்னு பாத்தியா? 'தாழ்ச்சியின் சிகரத்தில் நான்சி'. கீழ, 'எழுதியது: நான்சி'! பங்கே அப்படித்தான் வாசிக்குது! பள்ளிக்கூடத்துப் பயலுக என்னைப் பாத்து 'குட்மார்னிங் நான்சி சார்'ங்கிறானுக!"

நான் ஆறுதலாகச் சொன்னேன்: "பதறாதீங்கய்யா. இன்னொரு சீட்டு ஒட்டிருவோம். 'அடியேன் என்பது நான்சி அல்ல, ஞானதாஸ்' அப்படின்னு போட்டுரவா? 'எழுதியது அடியேன் அல்ல, நானே'ன்னு தெளிவாப் போட்டாலும் சரி."

ஐயா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தாழ்ச்சியின் சிகரத்தில் ஏறுவதற்குத்தான் வழி இருக்கிறது, இறங்குவதற்கு இல்லை. தொங்கவிட்டிருந்த சட்டைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார். கல்லாப்பெட்டிக்குள் இருந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டேன். இந்தமுறை முழுப் பலன்.

அந்த 'சி' எப்படி விடுபட்டது என்று கண்டறிய விசாரணைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. தலைவர் நான்தான், மன்னிக்கவும், அடியேன்தான். விசாரணை மிகக் கவனமாக, மிக மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது. அறிக்கை எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே பணிவோடு அறிவித்துக்கொள்கிறேன். அத்தனை வாழ்த்துரை, அணிந்துரை, ஆசியுரை, ஆன்மிகப் பயணம் எல்லாம் உள்ள அந்த நூலில், எழுதியவர் யார் என்ற உண்மை ஒரே ஓர் இடத்தில்தான் அச்சாகியிருக்கிறது. அந்த இடத்துக்கு நாங்கள் ஒருமனதாக வைத்த தலைப்பு: 'பிழை'.